விடிகாலையில் கோடுகள், பகலில் எண்கள்: வயர்லெஸ் காற்று சென்சாரின் கோளாறைக் கீழே நின்றே கண்டுபிடிப்பது

கேள்வியின் சாரம் இது. 11 மீட்டர் ஃபைபர் பாய்மரப் படகு, அலுமினியப் பாய்மரம். உச்சியில் சோலார் பேனலுடன் கூடிய வயர்லெஸ் காற்று சென்சார், சுழலும் கிண்ணமும் திசை காட்டும் வாலும் உள்ள வகை. ரிசீவர் பெட்டி பாய்மரத்தின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில், கேபினின் இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. பகலில் எண்கள் வருகின்றன. விடிகாலையில் திரையில் வெறும் கோடுகள்தான். ஸ்டார்போர்டு டேக்கில், அதாவது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும்போது, விட்டு விட்டு வருகிறது. வரும்போதும் உண்மைக் காற்றின் (படகின் ஓட்டத்தைக் கழித்துக் கணக்கிடும் காற்றின்) எண் நம்பும்படி இல்லை. மேலே ஏறிப் புதுச் சென்சாரை மாட்டிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் மூன்று வேறு இடங்களைக் காட்டுகின்றன. விடிகாலைக் கோடுகள் பேட்டரியைக் காட்டுகின்றன. ஒரு டேக்கில் மட்டும் விடுபடுவது ரேடியோ அலை வரும் பாதையைக் காட்டுகிறது. உண்மைக் காற்று தப்பாக வருவதற்குக் காரணம், பெரும்பாலும், படகின் அடியில் இருக்கும் வேகமானி. எட்டாத உயரத்தில் ஒரே ஒரு பெட்டி இருப்பதால் எல்லாப் பழியையும் அதன் மேல் போடத் தோன்றும். புதுச் சென்சார் மாட்டினால் முதல் கோளாறு தீரும். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும், பணமும் போயிருக்கும்.

முதலில் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். கோடுகள் வந்தால் மேலிருந்து செய்தியே வரவில்லை என்று அர்த்தம். 0.0 என்று வந்தால் செய்தி வருகிறது, ஆனால் கிண்ணம் சுற்றவில்லை, அல்லது அது சுற்றுவதைச் சென்சார் எண்ணவில்லை. எண் வந்து அது தப்பாக இருந்தால், சென்சாரும் ரேடியோவும் வேலை செய்கின்றன. கோணம், அளவுத்திருத்தம், கணக்கு இவற்றில் எங்கோ பிசகு. இந்த மூன்றையும் கலந்து "சென்சார் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதால்தான் பலரும் காரணமே இல்லாமல் பாய்மரம் ஏறுகிறார்கள். வேகமும் கோணமும் சேர்ந்தே மறைகின்றனவா, தனித்தனியாகவா என்பதையும் கவனியுங்கள். சேர்ந்தே மறைந்தால் மின்சாரம் அல்லது ரேடியோ. கோணம் சரியாக இருக்க வேகம் மட்டும் 0 என்றால் கிண்ணம், அதன் காந்தம், அதை எண்ணும் சுவிட்ச். வேகம் சரியாக இருக்கக் கோணம் ஒரே இடத்தில் உறைந்து நின்றால் வால். காரணத்தைக் கண்டுபிடிக்கவே மேலே போய்ப் பார்க்க வேண்டியவை இந்தக் கடைசி இரண்டும்தான்.

பேட்டரி

மேலே இருக்கும் பெட்டிக்குள் ஒரு சிறிய ரீசார்ஜ் பேட்டரி இருக்கிறது. பகல் முழுக்க சோலார் பேனல் அதை நிரப்பும். இரவில் அது செலவாகும். நல்ல பேட்டரி ஒரு இரவை அல்ல, அடுத்தடுத்துச் சில மேகமூட்ட நாட்களையே தாங்க வேண்டும். ஒரே இரவில் தீர்ந்துபோகிறது என்றால் இரண்டில் ஒன்று: கொள்ளளவு போய்விட்டது, அல்லது பகலில் முழுதாக நிரம்பவே இல்லை.

இதைக் கீழிருந்தே உறுதி செய்யலாம். அடுத்த 3 இரவும் கோடுகள் வரத் தொடங்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். நல்ல வெயில் அடித்த நாளுக்குப் பிறகு அதிகாலை 4 மணிக்கும், மேகமூட்டமான நாளுக்குப் பிறகு நள்ளிரவு 12 மணிக்கும் வந்தால், பேட்டரிதான். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. சூரியன் ஏறி அரை மணி, ஒரு மணி நேரத்தில் எண்கள் தானாகத் திரும்பினால் அதுவும் அதே சாட்சி. சில சென்சார்களின் செயலியிலோ ரிசீவரின் அமைப்புப் பக்கத்திலோ பேட்டரி வோல்ட்டேஜ் காட்டப்படும். சூரிய அஸ்தமனத்தில் ஒரு முறை, விடிவதற்கு முன் ஒரு முறை அதைக் குறித்தால் போதும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆட்களை ஏமாற்றும். நங்கூர விளக்கும் இரவில்தான் எரிகிறது. உச்சியில் எல்இடி விளக்கு இருந்து, அதன் உள்ளே உள்ள மின்சுற்று மலிவானதாக இருந்தால், அது ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். பெரும்பாலும் விஎச்எஃப் (படகின் பேச்சு ரேடியோ), ஏஐஎஸ் (கப்பல்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி) இரண்டும்தான் அதனால் பாதிக்கப்படும். ஆனால் காற்று சென்சாரும் அதே ஒரு முழ இடத்தில் இருப்பதால் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. படகுத்துறையில் கட்டியிருக்கும் ஓர் இரவில், அந்த விளக்கு தேவைப்படாத இடத்தில், அதை அணைத்து வைத்துப் பாருங்கள். விளக்கைப் போட்ட நிமிடமே கோடுகள் வந்தால் இரைச்சல். விளக்கு எரிந்து பல மணி நேரம் கழித்து வந்தால் பேட்டரி.

பேட்டரி என்று முடிவானால், சென்சாரைக் கீழே கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியது இது. முதலில் பேனலைப் பாருங்கள். உப்புப் படலம், பறவை எச்சம் இரண்டையும் நல்ல தண்ணீரும் மிருதுவான துணியும் கொண்டு துடைத்து எடுங்கள். பேனலின் மேலிருக்கும் பிளாஸ்டிக், வருடக்கணக்கில் வெயிலில் கிடந்து பால் நிறமாக மங்கியிருந்தால், பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம். இங்கே மல்ட்டிமீட்டரை வைத்து வோல்ட்டேஜ் மட்டும் பார்த்துவிட்டு "பேனல் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்துவிடக் கூடாது. சோலார் பேனல் அழுக்காக இருந்தாலும் சுமை இல்லாத வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், குறைவது கரண்ட். எனவே நேர் வெயிலில் பேனலின் இரு முனைகளையும் மீட்டரின் மில்லிஆம்பியர் அளவில் குறுக்கே இணைத்துக் கரண்டைப் பாருங்கள். துடைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் வைத்து எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

பிறகு பேட்டரி. அதன் மேலேயே வகை அச்சிடப்பட்டிருக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்றால் ஒரு செல் 1.2 வோல்ட். முழுதாகச் சார்ஜ் செய்து ஓரிரு மணி நேரம் சும்மா வைத்த பிறகு 1.3 அல்லது அதற்குச் சற்று மேலே காட்டும். அதனால் மட்டும் அது நல்ல செல் ஆகிவிடாது. ஒவ்வொரு செல்லின் குறுக்கேயும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பிடித்து 5 நிமிடம் பாருங்கள். 1.2க்கு அருகில் நின்றால் நல்லது, 1.1க்குக் கீழே மளமளவென்று இறங்கினால் அது முடிந்துபோன செல். லித்தியம் அயான் என்றால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், வேலை நேரத்தில் 3.7 அளவில் இருக்கும். அது 2.5க்குக் கீழே போய் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம், பத்திரமாக அப்புறப்படுத்துங்கள். ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையைப் போடவே கூடாது. உள்ளே இருக்கும் சார்ஜ் சுற்று அந்தக் குறிப்பிட்ட வேதியியலுக்காகச் செய்யப்பட்டது. பற்றவைக்க வேண்டிய மாதிரி என்றால் முனைகளில் தகடு ஏற்கெனவே பொருத்தப்பட்ட செல்லையே வாங்குங்கள். சூட்டுக்கோலை நேராகச் செல்லின் மேல் வைத்தால் உள்ளே இருக்கும் தடுப்புச் சவ்வு பழுதாகும்.

பெட்டியைத் திரும்ப மூடும்போது வேலை கெட்டுப்போவது ரப்பர் வளையத்தில்தான். பழைய வளையம் தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். புது வளையத்தில் சிலிக்கோன் கிரீஸை விரலால் மெல்லிய பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கோன் சீலன்டை உள்ளே பூசிவிட்டால், அதிலிருந்து வரும் அமிலம் செம்புத் தடங்களைப் பச்சை பிடிக்க வைக்கும். "நன்றாக அடைத்துவிட்டோம்" என்ற நம்பிக்கையோடு உள்ளிருந்தே அரிக்கும் வேலை இது. ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும். காய்ந்த பிறகு, ஈரப்பதம் குறைவான நேரமாகப் பார்த்து மூடுங்கள்.

ரேடியோப் பாதை

ஸ்டார்போர்டு டேக்கில் மட்டும் விடுபடுவதற்கு வருவோம். இதுதான் உங்கள் படகில் எளிதாகத் தீரக்கூடியது, ஆனால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "படகு சாய்கிறது, அதனால் சிக்னல் போகிறது" என்பார்கள். சென்சாரும் ரிசீவரும் ஒரே படகில் இறுக்கமாகப் பிணைந்திருப்பவை. படகு சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே சாய்கின்றன, அவற்றுக்கு இடையிலான கோடு மாறுவதே இல்லை. மாறுவது பாய். காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்போது பெரிய பாய் இடப்பக்கமாகப் புடைத்து நிற்கும். உங்கள் ரிசீவரும் இடப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது. உச்சிக்கும் பெட்டிக்கும் நடுவே அந்தப் பாய் வந்து நிற்கிறது. காய்ந்த டாக்ரான் (பாலியஸ்டர்) துணி அலைகளுக்கு ஒரு தடையே அல்ல. நனைந்த துணி கொஞ்சம் விழுங்கும். கார்பன் இழை உள்ள பாய் என்றால் நிறையவே விழுங்கும். எதிர் டேக்கில் பாய் அந்தப் பக்கம் போய்விடுவதால் பாதை திறந்துவிடுகிறது.

ஆனால் ஒரு பாய் குறுக்கே வந்ததும் அறுந்துபோகிற அளவுக்கு உங்கள் சிக்னல் முதலிலேயே ஏன் பலவீனமாக இருந்தது? உண்மையான கேள்வி அதுதான். பதில் ரிசீவர் இருக்கும் இடத்தில் இருக்கிறது. உச்சியில் செங்குத்தாக நிற்கும் சிறிய ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாக ஒலிபரப்பும். நேர் கீழே மிகக் குறைவு. போதாததற்கு, நேர் கீழே பார்த்தால் 15 மீட்டர் நீள அலுமினியக் குழாய் நடுவில் நிற்கிறது. சென்சாரின் கை பாய்மரத்துக்கு முன்னால் நீட்டியிருந்து ரிசீவர் பாய்மரத்துக்குப் பின்னால் இருந்தால் நிழல் இன்னும் கனமாகும். பாய்மரத்துக்கு மிக அருகில் வைத்தால் தூரம் குறையும் என்று நினைத்து எல்லோரும் வைக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசமான இடம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2.4 கிகாஹெர்ட்ஸில், தடையே இல்லாத வெளியில், 20 மீட்டரில் சிக்னல் சுமார் 66 டெசிபல் இழக்கிறது. சென்சார் 1 மில்லிவாட் சக்தியில் அனுப்பினால், அதாவது 0 டிபிஎம் அளவில், ரிசீவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல எண் கிட்டத்தட்ட −66. இந்த வகை ரிசீவர்கள் −90 முதல் −95 வரை கேட்கும். ஆக, உங்கள் கையிலிருக்கும் மொத்த உபரி 25 டெசிபல் சொச்சம். பாய்மர நிழலும் ஆன்டெனாவின் குருட்டுத் திசையும் சேர்ந்து அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால், மீதமிருக்கும் கொஞ்சத்தை ஒரு நனைந்த பாயோ, நடுவில் வந்து உட்காரும் ஒரு ஆளோ எடுத்துக்கொள்வார். மனித உடலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

எல்லாச் சென்சார்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேமரீனின் டாக்டிக் மைக்ரோநெட் குடும்பம் 868 அல்லது 916 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலைவரிசையில் அதே 20 மீட்டரில் இழப்பு சுமார் 9 டெசிபல் குறைவு, தடைகளைச் சுற்றி வளைந்து வருவதும் எளிது. பி அண்ட் ஜி டபிள்யூஎஸ்320 புளூடூத் முறையிலும், கார்மின் ஜிவிண்ட் வயர்லெஸ் ஏஎன்டி என்ற வயர்லெஸ் முறையிலும் இயங்குகின்றன, இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். இரண்டாவது குழு என்றால் கீழே சொல்வதெல்லாம் முழுமையாகப் பொருந்தும்.

புளூடூத் வகை என்றால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: படகிலுள்ள எல்லா ஃபோன், டேப்லெட்டிலும் புளூடூத்தை அணையுங்கள். இந்தச் சென்சார்களில் பலவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியோடுதான் இணைப்பு வைத்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் சட்டைப் பையிலிருக்கும் ஃபோனில் அந்தச் செயலி பின்னணியில் திறந்திருந்தால், சென்சார் அதைப் பிடித்துக்கொண்டு ரிசீவரைக் கைவிட்டுவிடும். அந்த ஆள் கேபினுக்குள் போனால் வரும், வெளியே வந்தால் போகும். இதைச் சோதிக்காமல் செலவழித்த மணி நேரங்கள் எல்லாம் வீண்.

அடுத்து ரிசீவரைத் தற்காலிகமாக இடம் மாற்றிப் பாருங்கள். துளை போட வேண்டாம். 5 மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் அதை அமரத்துக்கு, படகின் பின்முனைக் கம்பிவேலிக்குக் கொண்டுபோய், ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி டேப் ஒட்டிக் கட்டுங்கள். அங்கிருந்து பார்த்தால் பாய்மர உச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடம் அநேகமாக அலைக்கும் தெரியும். செயலியில் சிக்னல் அளவு காட்டினால், −70 வட்டாரத்தில் இருப்பது நிம்மதி. −85க்கும் கீழே போனால் எந்த நேரமும் அறுந்துபோகலாம். இந்த நிலையில் இரண்டு டேக்கிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். விடுபடுவது நின்றுவிட்டால் காரணம் நிரூபணமாகிவிட்டது, இனி நிரந்தரமாகப் பொருத்தலாம்.

நிரந்தர இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வைஃபை ரவுட்டரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் விலகி வையுங்கள். யூஎஸ்பி 3 வகை ஹார்டு டிஸ்க், ஹப் ஆகியவையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இரைச்சல் உண்டாக்கும். சார்ட் டேபிளில் (கடல் வரைபட மேசையில்) ரிசீவருக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி இருப்பது போதும் தகராறு வர. சுவிட்ச் பேனலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் எரிபொருள் தொட்டிக்கும் அடியில், எஞ்சின் அறைக்குள் வைக்க வேண்டாம். எஃகு அல்லது அலுமினிய உடல் கொண்ட படகில், கார்பன் மேல்தளம் உள்ள படகில் ரிசீவர் வெளியேதான் இருந்தாக வேண்டும். உள்ளே வைப்பது மூடிய பாத்திரத்துக்குள் வைப்பது மாதிரி.

விஎச்எஃப்பில் பேசும்போதெல்லாம் எண் குதிக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். உச்சியில் 25 வாட் ஆன்டெனா சென்சாருக்கு ஒரு கையளவு தூரத்தில் இருக்கும். அழைப்பு முடிந்ததும் எண் திரும்பி வந்தால் பெரிய பிரச்சினை இல்லை.

ரிசீவருக்கு வரும் மின்சாரம்

இது சுருக்கமாகப் போதும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதோ ஆட்டோபைலட் அழுத்தி இழுக்கும்போதோ கோடுகள் வந்தால், ரிசீவரின் முனைகளிலேயே மீட்டரை வைத்து அந்த நொடியில் பாருங்கள். என்எம்இஏ 2000 (படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் முறை) கருவிகளுக்கு 9 முதல் 16 வோல்ட் தேவை. 9க்குக் கீழே இறங்கினால் பெட்டி அணைந்து மறுபடி எழும், எழுந்து சென்சாரைத் தேடிப் பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதே நெட்வொர்க்கில், மின்சாரத்தை அணைத்துவிட்டு, இரண்டு சிக்னல் கம்பிகளுக்கும் நடுவே ஓம் பாருங்கள்: 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய டெர்மினேட்டர்களில் (முனை ரெசிஸ்டர்களில்) ஒன்று இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய வயர் சென்சாரைக் கழற்றாமல் விட்டு வயர்லெஸ் மாட்டியிருந்தால், நெட்வொர்க்கில் இரண்டு காற்றுத் தகவல் ஓடிக்கொண்டிருக்கும். திரையின் தகவல் மூலப் பட்டியலில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். என்எம்இஏ 2000இல் காற்றுச் செய்தியின் எண் 130306. பழைய 0183 முறையில் எம்டபிள்யூவி என்று தொடங்கும் வரி. தகவல் போகும் வழக்கமான வேகம் 4800 பாட். அந்த வரியின் கடைசியில், சரிபார்ப்பு எண்ணுக்கு முன்னால், 'ஏ' என்ற எழுத்து இருந்தால் தகவல் செல்லுபடியாகும். 'வி' இருந்தால் சென்சாரே "இதை நம்பாதே" என்று சொல்லி அனுப்புகிறது.

உண்மைக் காற்று ஏன் பொய் சொல்கிறது

காற்று சென்சாருக்கு உண்மைக் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. ஓடும் படகில் நிற்பவரின் முகத்தில் படும் தோற்றக் காற்றை மட்டுமே அது அளக்கிறது. அதிலிருந்து படகின் வேகத்தைக் கழித்து உண்மைக் காற்றைக் கணக்கிடுவது திரையோ ரிசீவரோ. படகு வேகம் தப்பென்றால் விடையும் தப்பு.

தோற்றக் காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), கோணம் 45 டிகிரி, படகு வேகம் 6 நாட் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை: உண்மைக் காற்று 11.6 நாட், கோணம் 66.5 டிகிரி. இப்போது படகின் அடியிலுள்ள சிறிய துடுப்புச் சக்கரத்தில் பாசியோ சிப்பியோ பிடித்து அது நின்றுவிட்டது, வேகம் 0 என்று வருகிறது. திரை கழிக்க எதுவும் இல்லாமல் 15 நாட், 45 டிகிரி என்றே உண்மைக் காற்றாகக் காட்டும். உங்கள் திரையில் தோற்றக் காற்றும் உண்மைக் காற்றும் எப்போதும் ஒரே எண்ணாக வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் காற்று சென்சாரை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். எடுத்த உடனே துளைக்கு மூடியைச் செருகக் கையில் தயாராக வைத்திருங்கள். சக்கரம் விரலால் தட்டினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். தற்காலிகமாக ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக் கணக்கிடும்படி அமைப்பை மாற்றலாம். ஆனால் நீரோட்டம் உள்ள இடத்தில் அது வேறு விடையைத் தரும் என்பதை மறக்க வேண்டாம்.

கரையிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டு "அதிகமாகக் காட்டுகிறது" என்பவர்களும் உண்டு. அந்த நிலையங்கள் 10 மீட்டர் உயரக் கணக்கில் சொல்கின்றன. நீர்ப்பரப்பிலிருந்து 18 மீட்டர் உயரமுள்ள உச்சியில், திறந்த கடலில், 6, 7 சதவீதம் அதிகமாக இருப்பது இயற்கை. அதைத் திருத்தக் கூடாது.

மேலே போகும்போது

பேட்டரிக்காக எப்படியும் ஒரு முறை ஏற வேண்டும் என்பதால், அந்த ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அலை ஆட்டம் இல்லாத நேரம். இரண்டு தனித்தனிப் பாய்க்கயிறுகள்: ஒன்றில் இருக்கை, மற்றொன்று காப்பு. இரண்டிலும் கயிற்றை நேராக முடிச்சுப் போடுங்கள். அழுத்தித் திறக்கும் கொக்கியை நம்ப வேண்டாம். கீழே வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) ஒருவர், காப்புக் கயிற்றில் இன்னொருவர். தலைக்கவசம் போடுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் கயிறு கட்டுங்கள். பாய்மரத்தின் அடியில் யாரும் நிற்கக் கூடாது. உச்சியிலிருந்து விழும் ஸ்க்ரூடிரைவர் தளத்தைத் துளைக்கும். ரேடாரையும் விஎச்எஃப்பையும் அணைத்து, சுவிட்ச் மேல் "ஆள் மேலே" என்று எழுதி ஒட்டுங்கள்.

கழற்றுவதற்கு முன் சென்சார் கையின் அடிப்பகுதியும் உச்சித் தகடும் சேரும் இடத்தில் அழியாத பேனாவால் ஒரு கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் உங்கள் கோணத்தைக் காப்பாற்றும். நான்கு கோணத்திலிருந்து படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே கொண்டுவந்த பிறகு கிண்ணத்தை ஊதிப் பாருங்கள். மெதுவாக ஊதினாலே கிளம்பி, ஊதுவதை நிறுத்திய பிறகும் சத்தமில்லாமல் சுற்றி, மெல்ல மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றாலோ, காதுக்கு அருகில் வைத்தால் மணல் அரைபடுவது போல் கேட்டாலோ, பேரிங்கில் உப்பு. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் சுற்றிச் சுற்றி அலசுங்கள், நிழலில் காயவிடுங்கள். எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். தூசியை அது பசையாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். அலசியும் அரைபட்டால் பேரிங்கோடு கிண்ணத் தொகுதியை மாற்றுங்கள், தனியாகவே கிடைக்கும். அதைத் தண்டில் பிடித்திருக்கும் தலையில்லாத குட்டி ஸ்க்ரூவை ஆலன் சாவியால் இறுக்கும்போது அளவோடு இறுக்குங்கள், பிளாஸ்டிக் மரை சீக்கிரம் வழுக்கும்.

வாலுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு, செய்பவர்கள் குறைவு. காற்றே இல்லாத அறையில், வாலின் அச்சு தரைக்குக் கிடையாக வரும்படி சென்சாரைச் சாய்த்துப் பிடியுங்கள். வாலை விரலால் மேலே, கீழே, பக்கத்தில் என்று வெவ்வேறு இடத்தில் நிறுத்தி விடுங்கள். விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரே பக்கம் விழுந்துகொண்டே இருந்தால் எடை சமநிலை போய்விட்டது: பறவை உட்கார்ந்து முனையின் எடை கழன்றிருக்கும், அல்லது வால் தகடு உடைந்திருக்கும். அப்படிப்பட்ட வால் படகு நிமிர்ந்து நிற்கும்போது சரியாகவும், சாய்ந்தவுடன் சில டிகிரி தப்பாகவும் காட்டும். இரண்டு டேக்கிலும் தப்பு எதிரெதிர்ப் பக்கம் போவதால் எந்த அளவுத்திருத்தமும் அதை நேராக்காது.

அல்ட்ராசோனிக் வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அதில் அசையும் பாகம் இல்லை. சிலந்தி வலை, பனிப்படலம், தங்கிய நீர்த்துளி இவைதான் எதிரிகள். துடைப்பதுதான் வைத்தியம்.

திரும்ப மாட்டிய பிறகு

மேலே ஏற்றுவதற்கு முன் ரிசீவருக்கு ஓரிரு மீட்டர் தூரத்தில் வைத்து இணைப்பை மறுபடி செய்துகொள்ளுங்கள். பேட்டரி முழுதாக இறந்து எழுந்தால் சில மாதிரிகள் பழைய இணைப்பை மறந்துவிடும். அருகிலுள்ள படகில் அதே மாதிரி சென்சார் இருந்தால், பட்டியலில் தெரியும் வரிசை எண் உங்களுடையதுதானா என்று பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கோணத் திருத்தத்துக்கு, 10 முதல் 15 நாட் சீரான காற்றில், காற்று வரும் திசைக்கு முடிந்தவரை நெருக்கமாகப் படகைச் செலுத்தி இரண்டு டேக்கிலும் தலா 5 நிமிடம் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஸ்டார்போர்டில் 33, போர்ட்டில் (காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்போது) 27 வந்தால் வித்தியாசம் 6. அதில் பாதி, 3 டிகிரி, திருத்தம். வலப்பக்கம் அதிகமாகக் காட்டுவதால் கழிக்க வேண்டும். 6, 7 நாட் மெல்லிய காற்றில் இதைச் செய்ய வேண்டாம். அப்போது நீர்ப்பரப்பிலும் உச்சியிலும் காற்றின் திசையே வேறாக இருக்கும், நீங்கள் அந்த நாளின் வானிலையைத் திருத்தமாகப் பதிவு செய்துவிடுவீர்கள். காற்று வேகத் திருத்தத்துக்கு மட்டும் காற்றே இல்லாத காலை நேரம் வேண்டும்: எஞ்சினில் 5 நாட்டில் ஒரு திசையிலும் நேர் எதிர்த் திசையிலும் ஓடி, இரண்டிலும் சென்சார் காட்டிய காற்று வேகத்தின் சராசரியை ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள். முள் அலைபாய்கிறது அல்லது மிகத் தாமதமாக வருகிறது என்றால் ரேடியோவைச் சந்தேகிப்பதற்கு முன் திரையின் நிதானப்படுத்தும் அமைப்பை நடு அளவில் வைத்துப் பாருங்கள்.

படகைப் பல மாதம் நிறுத்தி வைக்கும் காலத்தில் சென்சாரைக் கழற்றி இருட்டு அலமாரியில் போட்டுவிடுவதும் பேட்டரியைக் கொல்லும் வழக்கம். சாளரத்தின் ஓரம், பேனல் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வையுங்கள். மறுபடி மாட்டுவதற்கு முன் 2, 3 நாள் நேர் வெயில் காட்டுங்கள்.

புதுச் சென்சார் எப்போது? பெட்டியைத் திறந்தால் சுற்றுப் பலகையில் தண்ணீர் நின்று தடங்கள் அரித்துப்போயிருந்தால், அல்லது சுத்தமான பேனலிலிருந்து நேர் வெயிலில்கூடக் கரண்ட் வரவில்லை என்றால், அல்லது புது பேட்டரி போட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தும் ரிசீவர் அதைக் கேட்கவில்லை என்றால் வாங்குங்கள். அப்போதும் ரிசீவரை அமரத்துக்கு மாற்றிவிட்டே வாங்குங்கள்.